‘நான்’, ‘நாங்கள்’: ஆட்டிசம் பற்றி இரண்டாவது பேச்சு

(நம் சங்கத்தின் ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

தண்ணீர் லாரிக் கணக்கு முடியவே எட்டரை மணி ஆகிவிட்டது. எல்லோருக்கும் பசி. அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

போன வருடம் இதே ஹாலில் ஆட்டிசம் பற்றிப் பேசினேன். இந்த முறை செயலாளர் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிசிடிவி கிளிப் வந்தது. லிஃப்டுக்குள் ஓர் இளைஞர் தனியாக நிற்கிறார். யாரையோ அதட்டுவதுபோல் விரலை நீட்டிப் பேசுகிறார். அடுத்த நொடி முகம் மாறுகிறது, தன் தோளைத் தானே தட்டிக்கொடுக்கிறார். கிளிப்பில் சத்தம் கிடையாது. அவர் என்ன பேசினார் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பத்து நிமிடத்தில் அந்நியன் ஸ்டிக்கர், சந்திரமுகி ஸ்டிக்கர் எல்லாம் வந்துவிட்டன. ‘குழந்தைகள் இருக்கிற இடம், பாதுகாப்பா இருக்குமா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அம்மா அதன்பிறகு மாலையில் பூங்காப் பக்கம் வரவே இல்லை.

அந்த இளைஞருக்கு என்ன என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவருடைய விஷயம். நான் பேச வந்தது பொதுவாக: ஆட்டிசம் உள்ள சிலர், தங்களுக்குள் ஒருவர் அல்ல, இரண்டு மூன்று பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது என்ன, அதைக் கேட்டால் நாம் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் சினிமாவை ஓரம் கட்டிவிடலாம். 2005-ல் ஏப்ரலில் சந்திரமுகி வந்தது, ஜூனில் அந்நியன் வந்தது. இரண்டே மாத இடைவெளியில் தமிழ்நாடு முழுக்க ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’ என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டது. இரண்டிலும் உள்ளே இருக்கும் இன்னொருவர் கொல்லப் புறப்படுகிறவர். நல்ல படங்கள்தான், நானும் ரசித்துப் பார்த்தவள்தான். ஆனால் அதை வைத்து லிஃப்டில் நிற்பவரை எடை போட முடியாது. மருத்துவத்தில் இதற்கு இப்போதைய பெயர் டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர், சுருக்கமாக டிஐடி. மல்டிபிள் பர்சனாலிட்டி என்ற பழைய பெயரை 1994-ல் மாற்றினார்கள். உள்ளே பல ஆட்கள் குடியேறிவிட்டார்கள் என்பதல்ல விஷயம், ஒரே ஆளின் அனுபவங்கள் ஒன்றாகச் சேராமல் தனித்தனியே நின்றுவிட்டன என்பதுதான் விஷயம். அதனால்தான் பெயர் மாற்றம்.

இந்த டிஐடி உள்ளவர்களால் ஆபத்து யாருக்கு? பெரும்பாலும் அவர்களுக்கேதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, டிஎஸ்எம் என்பார்கள், அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது: சிகிச்சைக்கு வரும் வெளிநோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள். ‘பாதுகாப்பா இருக்குமா’ என்ற கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அதை அவரைப் பற்றிய கவலையாகக் கேட்க வேண்டும்.

இப்போது ஆட்டிசத்துக்கு வருகிறேன். தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் யாருக்கும் மதி இறுகிப்போயிருக்கவில்லை. ஆட்டிசம் என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் ‘தான்’ என்று பொருள்படும் ஆட்டோஸ். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர்தான் நூறு வருடத்துக்கு முன் இந்தச் சொல்லை உருவாக்கினார். ஸ்கிசோஃப்ரீனியா என்ற சொல்லும் அவருடையதே. அவர் ஆட்டிசம் என்றது ஸ்கிசோஃப்ரீனியாவின் ஓர் அறிகுறியை, அதாவது வெளியுலகை விட்டுத் தனக்குள் ஒதுங்குவதை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அந்தச் சொல்லை எடுத்து வேறு பொருளில் வைத்தார். பிறவியிலிருந்தே வேறு விதமாக அமைந்த மூளை என்ற இன்றைய புரிதல் அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் பழைய கலப்படம் ஒரேயடியாகப் போகவில்லை. ஆட்டிசம், ஸ்கிசோஃப்ரீனியா, ‘இரண்டு ஆள்’ என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஸ்கிசோஃப்ரீனியா என்றால் இரட்டை ஆளுமை அல்ல. இதை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு போனால்கூடப் போதும்.

கேனர் அந்தக் குழந்தைகளிடம் கவனித்த ஒன்றை நம் மொழியில் சொல்கிறேன். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும். அது ‘தண்ணி வேணும்’ என்று சொல்லாது. ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்கும். அம்மா அப்படித்தானே கேட்பாள், கேட்ட உடனே தண்ணீர் வந்துவிடுமே! பசித்தால் ‘உனக்குப் பசிக்குதா?’ என்று சொல்லும். ‘நான்’ என்ற இடத்தில் ‘நீ’ வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டதைக் கேட்டபடியே, அதே குரலில், அதே ராகத்தில் திருப்பிச் சொல்வது இது. எக்கோலேலியா என்பார்கள். வளர்ந்த பிறகும் சிலர் இப்படித்தான் பேசுவார்கள். வடிவேலு வசனத்தில் வருத்தத்தைச் சொல்கிற பையனை எனக்குத் தெரியும். திட்டிய வாத்தியாரின் குரலில் தன்னைத் தானே திட்டிக்கொள்கிற பெண் ஒருத்தி இருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ‘இன்னொரு ஆள் பேசுறான்’ என்று தோன்றும். உள்ளே ஒரே ஆள்தான், கையிலிருக்கும் வார்த்தைகளை வைத்துப் பேசுகிறார். ஆக, லிஃப்டில் இரண்டு குரல் கேட்டாலே அது டிஐடி ஆகிவிடாது.

அடுத்தது முகமூடி. ஆட்டிசம் உள்ளவர்களில் பலர், முக்கியமாகப் பெண்கள், சின்ன வயதிலேயே மற்றவர்களைப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கண்ணைப் பார்ப்பது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது, ‘சாப்டீங்களா’ என்று கேட்பது எல்லாமே மனப்பாடம். கல்லூரி முழுக்க ஒரு தோழியின் நடையுடை பாவனையைக் காப்பியடித்தே கழித்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் இரண்டு மணி நேரம் பேச்சே வராது. இதை எல்லோரும் ஆபீஸில் ஒரு முகம் வீட்டில் ஒரு முகம் வைத்திருப்பதோடு ஒப்பிட்டு, ‘நாம எல்லாருமே அப்படித்தானே’ என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆறுதலாகச் சொல்வதாக நீங்கள் நினைப்பீர்கள். கேட்பவருக்கு, நான் படும் பாட்டை இவர் நம்பவில்லை என்று கேட்கும்.

முகமூடிக்கும் பல சுயத்துக்கும் நடுவில் கோடு எங்கே? இதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் டோனா வில்லியம்ஸ். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் 1963-ல் பிறந்தவர், 2017-ல் காலமானார். சிறு வயதில் அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். இரண்டு வயதில் மனநோய் என்று எழுதினார்கள். ஆட்டிசம் என்று உறுதியானபோது அவருக்கு வயது இருபத்தெட்டை ஒட்டி. 1992-ல் ‘நோபடி நோவேர்’ என்று தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். ஆட்டிசம் உள்ள ஒருவர் உள்ளிருந்து எழுதி, உலகம் முழுக்க வாசிக்கப்பட்ட ஆரம்பகாலப் புத்தகங்களில் அது ஒன்று.

அந்தப் புத்தகத்தில் டோனாவோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். முதலாமவன் வில்லி. குழந்தையாக இருந்தபோது கட்டிலுக்கடியில் இருட்டில் தெரிந்த பச்சைக் கண்களாக அவன் அறிமுகமாகிறான். கோபக்காரன், முறைப்பான், கையை முறுக்கிக்கொண்டு நிற்பான். யாரும் நெருங்க முடியாது. இரண்டாவது கேரல். அவள் நிஜத்தில் பூங்காவில் டோனா ஒரே ஒருமுறை சந்தித்த சிறுமி. அவள் தன்னோடு வீட்டுக்குக் கூட்டிப்போனாள், அன்பாக இருந்தாள், பிறகு பார்க்கவே முடியவில்லை. டோனா கண்ணாடியில் பார்த்தபோது அங்கே கேரல் இருந்தாள். அச்சு அசலாக டோனாவைப் போலவே இருக்கும் கேரல்! கண்ணாடிக்குள் புகுந்து அவளிடம் போய்விட முயன்றாள் குழந்தை. முடியாதபோது, வெளியே தானே கேரலாக ஆனாள். கேரல் சிரிப்பாள், வம்பு பேசுவாள், வேலைக்குப் போவாள், எல்லோருக்கும் பிடித்தவள். டோனா எங்கோ உள்ளே ஒளிந்திருப்பாள்.

படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது, கேரல் என்பது முகமூடிதானே என்று. ஆட்டிசம் உள்ள பெண் பிழைப்புக்காகக் கற்றுக்கொண்ட நடிப்பு. ஆனால் நடிப்பவருக்குத் தான் நடிக்கிறோம் என்று தெரியும், கழற்றி வைக்கவும் தெரியும். டோனா விஷயத்தில் அது கழற்றக்கூடியதாக இல்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவர் வளர்ந்த வீடு அடியும் திட்டுமாக இருந்த வீடு. பின்னாளில் தனக்கு ஆட்டிசத்தோடு டிஐடியும் உண்டு என்று அவரே வெளிப்படையாகப் பேசினார். இதுவா அதுவா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை சொன்ன பதில், இரண்டும்.

இரண்டும் ஏன் ஒரே ஆளிடம் சேர்கின்றன என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை. பிறக்கும்போதே ‘நான்’ என்ற ஒற்றை உணர்வோடு யாரும் பிறப்பதில்லை. பசி, வலி, பயம் என்று உடம்பு சொல்வதைப் புரிந்துகொண்டு, ‘நேற்று நடந்ததும் எனக்கு, இன்று நடப்பதும் எனக்கு’ என்று கோத்துக் கோத்துத்தான் அது உருவாகிறது. கோப்பதற்கு நிம்மதியான குழந்தைப் பருவம் வேண்டும். தாங்க முடியாத பயம் திரும்பத் திரும்ப வந்தால், ‘இது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ’ என்று மனசு அந்தத் துண்டைத் தனியே வைத்துவிடும். டிஐடிக்கு இதுதான் காரணம் என்று சொல்பவர்கள் அதிகம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ, மிக்ஸி சத்தமும் சட்டை லேபிளும்கூட வலியாக இருக்கலாம். பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் முதலில் மாட்டுவது அந்தக் குழந்தைதான். அதற்கு மேல், தான் இப்போது கோபமாக இருக்கிறோமா பயமாக இருக்கிறோமா என்று பெயர் சொல்லத் தெரியாத நிலை, அலெக்ஸிதைமியா என்பார்கள், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெயரில்லாத கோபம் வந்தால் அதற்கு ‘வில்லி’ என்று பெயர் வைப்பது அவ்வளவு விநோதமா?

காயம் எதுவுமில்லாமலே ‘நாங்கள் பலர்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தங்களை ‘ப்ளூரல்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் கணிசம். இதை நோய் என்று சொல்லாதீர்கள் என்கிறார்கள். மருத்துவர்களுக்குள்ளேயே இதில் சண்டை இருக்கிறது. 1973-ல் ‘சிபில்’ என்ற புத்தகம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் இந்த நோய் அமெரிக்காவில் பெருகியது, டாக்டர்களே கிளப்பிவிட்டது என்று சொல்லும் தரப்பு அன்றிலிருந்து இன்றுவரை உண்டு. இணையத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களே ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது புதுக் குற்றச்சாட்டு. என் கருத்து, சில பிள்ளைகள் விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கட்டும். பதினாறு வயதுப் பிள்ளை ‘நான் பல பேர்’ என்று சொல்லித்தான் தன் கஷ்டத்தை வெளியே எடுக்கிறது என்றால், கஷ்டம் நிஜம்தானே? கேலி செய்வதற்கு எந்தத் தரப்பிலும் இடமில்லை.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. ஆடி மாதம் தீச்சட்டி எடுக்கும்போது சாமி வந்து ஆடுகிறவரை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில்லை. வேறு குரலில் பேசுவார், குறி சொல்வார், மலையேறிய பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஊர் ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக இப்படி நடந்தால் அது நோய் அல்ல என்று அந்த டிஎஸ்எம் கையேடே சொல்கிறது. கோயில் வாசலில் இவ்வளவு பக்குவமாக இருக்கும் நாம் லிஃப்டில் மட்டும் ஏன் பதறுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

தமிழில் இதைக் கண்டுபிடிப்பதும் கடினம். ‘நாங்க இன்னும் சாப்பிடலை’ என்று ஒருவர் சொன்னால் குடும்பத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கிறவர்களைச் சேர்த்துச் சொல்கிறார் என்று யாருக்குத் தோன்றும்? அதிலும் பாருங்கள், அவர் ‘நாம’ என்று சொல்வதில்லை, ‘நாங்க’ என்கிறார். கேட்கிற நாம் அதில் சேர்த்தி இல்லை.

டாக்டரிடம் போனாலும் ஒரு சிக்கல். ‘குரல் கேட்குதா?’ என்று டாக்டர் கேட்பார். ஆட்டிசம் உள்ளவர் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு ‘கேட்குது’ என்பார். கேட்பது டாக்டரின் குரல்! அவசரமாக எழுதினால் அது ஸ்கிசோஃப்ரீனியாவாகி, தேவையில்லாத மாத்திரை வருடக்கணக்கில் ஓடும். அதனால் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், ஆட்டிசம் பெரியவர்களிடம் எப்படி இருக்கும் என்று தெரிந்த மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ பாருங்கள். போகும்போது குறித்துக்கொண்டு போக வேண்டியது: நடுவில் மணிக்கணக்கில் நினைவு தவறுகிறதா, தான் வாங்காத பொருள் பையில் இருக்கிறதா, மாற்றம் தானாக வருகிறதா வரவழைக்கிறாரா, அதனால் அவருக்குக் கஷ்டமா நிம்மதியா. சிகிச்சை என்றாலே உள்ளே இருக்கும் எல்லோரையும் ‘ஒழித்து’ ஒருவராக்குவது என்று பயப்பட வேண்டாம். 2011-ல் இத்துறை நிபுணர்களின் சர்வதேச அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி முதலில் வைப்பது பாதுகாப்பு. முழுதாக ஒன்றாவது எல்லோருக்கும் கைகூடாது, உள்ளே இருப்பவர்கள் சண்டையில்லாமல் ஒத்துழைத்து வாழ்வதும் நல்ல முடிவுதான் என்று அது ஏற்றுக்கொள்கிறது. நம் சங்கத்துக்குக்கூட அவ்வளவுதான் லட்சியம் என்று நினைக்கிறேன்.

இனி நம் வளாகத்து விஷயம். அந்தக் கிளிப் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆட்டிசமும் இருக்கிறது, மனநோயும் இருக்கிறது. அதன் 92-ஆவது பிரிவுப்படி மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. யாரையும் மிரட்டச் சொல்லவில்லை. சட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கட்டும். ‘அவங்க வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமா’ என்று ஒருவர் என்னிடம் தனியாகக் கேட்டார். கூடாது.

லிஃப்டில் யாராவது தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தால், வழக்கம்போல் ஏறுங்கள், வழக்கம்போல் ஒரு ‘வணக்கம்’. உற்றுப் பார்க்க வேண்டாம், போனை எடுக்க வேண்டாம். ஒருவர் உங்களிடம் நம்பி ‘நாங்க ரெண்டு பேர்’ என்று சொன்னால், ‘இப்ப யாரு பேசுறது?’ என்று வேடிக்கையாகக் கேட்காதீர்கள். அவர் தன்னை எப்படிக் கூப்பிடச் சொல்கிறாரோ அப்படிக் கூப்பிட்டால் போதும். நேற்று நன்றாகப் பேசியவர் இன்று உங்களைத் தெரியாததுபோல் போனால் அது திமிர் இல்லாமலும் இருக்கலாம். செக்யூரிட்டி அண்ணன்களிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன்: விசிலும் அதட்டலும் வேண்டாம், கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், கூட்டம் சேர விடாமல் வீட்டுக்கு இன்டர்காமில் சொன்னால் போதும்.

இரவில் யாராவது உடைந்துபோய், தன்னையே காயப்படுத்திக்கொள்வாரோ என்று பயம் வந்தால், தனியே விடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. ஆட்டிசம் பற்றி வழிகாட்டல் வேண்டுமென்றால் ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மத்திய அரசின் பல்வகைத் திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். வயது வரம்பு இல்லை. நம் வளாகத்தில் தகுதியுள்ள எல்லோரும் இதில் சேர்ந்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

செயலாளரிடம் இரண்டு கோரிக்கை வைத்திருக்கிறேன். சிசிடிவி பதிவை எடுக்கும் பாஸ்வேர்டு செயலாளர், பொருளாளர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஜெனரேட்டர் டெஸ்டும் தீயணைப்பு சைரனும் எப்போது என்று முந்தின நாளே நோட்டீஸ் போர்டில் போடட்டும். இரண்டாவதற்கு இப்போதே சரி சொல்லிவிட்டார், முதலாவது அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வருகிறது. கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்விகள் இருந்தால், செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்குமேல் நான் வீட்டில்தான் இருப்பேன். காலிங் பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள்.